திருவாரூர்த் திருவீதிகள்

சோழநாட்டு ஊர்களின் சிறப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறும் முதுமொழி ஒன்று உண்டு. மன்னார்குடிக்கு மதிலழகு, வேதாரணியத்துக்கு விளக்கழகு, திருவிடைமருதூருக்குத் தெருவழகு, திருவாரூருக்குத் தேரழகு என்று அது வகுத்துரைக்கும். தெருவழகு திருவிடைமருதூருக்கு வழங்கப்பட்டமையால் திருவாரூர் வீதிகளுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. தேர் வீதியின்றி இயங்குவதன்று. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதாகக் கூறப்படும் ஆழித்தேரைத் தாங்கி, நான்கு மூலைகளிலும் திரும்ப இடந்தந்து, மீண்டும் நிலையிற் கொண்டு சேர்ப்பிக்கும் வீதிக்கு வேறு புகழ்மொழி வேண்டா. தேரழகு என்றது வீதியழகையும் உள்ளடக்கி நின்ற சொல் என்க.

அவ்வீதிகள் யாவர்க்கு உரியன? அவற்றின் அகலமும் அமைப்பும் எதனைக் கருதி ஏற்பட்டன? தலத்தின் புனிதம் திருக்கோயில் மதிலோடு நின்றுவிடுகின்றதா, வீதியினும் தொடர்கின்றதா? இவை பழமையாராய்ச்சி பற்றிய வினாக்கள் மட்டும் அல்ல. வீதியென்பது வண்டி செல்லும் வழியும் கடை வைக்கும் இடமுமே என்னும் எண்ணம் பெருகி வருகின்றது. அவ்வெண்ணத்தால் விளையும் கேடு பெரிது. ஆகலின் இவற்றுக்கு விடை காண்டல் சைவ நன்மக்கள் கடனாகும்.

ஊரின் நடுவிடம்

நாடுதோறும் நகரங்களுக்கு நடுவிடம் என ஒன்று உண்டு. பண்டை உரோமர் நகரங்களில் வழக்காடுதற்கும் வாணிகஞ் செய்தற்கும் உரிய பெருவெளி நடுவிடமாக நின்றது. ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் சந்தைவெளியும், அதன் பக்கத்தே மாதாகோயிலும் நகரமன்றமும் நடுவிடமாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டில் வளர்ந்த ஊர்கள் சிலவற்றில் புகைவண்டி நிலையமும் கடைத்தெருவுமே அவ்விடத்தைப் பெற்றன. திருவாரூரிலோ பூங்கோயில் எனப்படும் திருக்கோயிலும், அதற்கு மேற்கே விரிந்து கிடக்கும் கமலாலயத் திருக்குளமும், அவற்றைச் சார்ந்த திருவீதிகளுமே ஊரின் நடுவிடமாம்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீரோடை ஐந்து வேலி என்பது செவிவழியாக வழங்கி வரும் உரை. ஒரு வேலியாவது ஏறத்தாழ 6⅔ ஏக்கர் நிலம். நெல் விளையும் வயலை அளக்கும் அளவையாலேயே கோயிலையும் குளத்தையும் அளந்து கூறினர் இந்நாட்டு உழவர். கல்லும் நீரும் மலரும் ஒத்த அளவினவாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தும் அவ்வுரையில் அடங்கியுள்ளது. வீதிக்கு மட்டும் இத்துணை வேலி என்று அவர்கள் கூறினாரல்லர். கோயிலும் குளமும் நிலத்தால் அளக்கப்படுவன. வீதியின் அளவோ தேராகும்.

சோழ மன்னர் முடிசூட்டிக்கொள்ளும் நகரங்கள் ஐந்து எனப் பெரியபுராணம் கூறும். அவற்றுள் ஆரூரும் ஒன்று. ஆயினும் அம்மன்னர் வீற்றிருந்த அரண்மனை இன்று காணக் கிடைத்திலது. அரசிருக்கை மறைந்தது; பூங்கோயில் நிலைபெற்றது. அரண்மனையே ஊருக்கு நடுவாய் இருந்திருப்பின், அதனோடு ஊரும் மறைந்திருக்கும்.

பிற்காலத்தே வந்த மாறுதல்களும் இந்நடுவிடத்தைப் பெயர்த்தில. நாகப்பட்டினத்தினின்று தஞ்சைக்கு 1861-ஆம் ஆண்டளவில் இடப்பட்ட இருப்புப்பாதை திருவாரூர் வழியே சென்றது. மாயூரத்தினின்று முத்துப்பேட்டைக்கு 1894-இல் அமைந்த பாதையும் இவ்வூரைத் தொட்டமையால் இது புகைவண்டிச் சந்திப்பாயிற்று. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகின்றது. இவற்றால் புதிய சாலைகளும் கடைகளும் அலுவலகங்களும் பெருகின. எனினும் ஊரவர் இடஞ் சுட்டுங்கால் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்றே சுட்டுகின்றனர். அத்திசைகள் கோயிலை நடுவாக வைத்து எண்ணப்பட்டவை அன்றோ? ஊரின் திசைகாட்டி இன்றும் பூங்கோயிலே.

வீதிவிடங்கர் என்னுந் திருநாமம்

இத்திருக்கோயிலில் புற்றிடங்கொண்டார் எனப்படும் வன்மீகநாதர் மூலமூர்த்தியாய் எழுந்தருளியுள்ளார். அவர்க்குத் தென்பால், சோமாஸ்கந்த வடிவினராகிய தியாகராசப் பெருமான் சந்நிதி உள்ளது. திருமால் தம் திருமார்பில் வைத்து வழிபட்டதும், இந்திரன்பால் இருந்ததும், முசுகுந்தச் சக்கரவர்த்தி பெற்றுக் கொணர்ந்ததும் அத்திருவுரு எனத் தலவரலாறு கூறும். முசுகுந்தன் கொணர்ந்த விடங்கர் எழுவர். அவர்கள் திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்னும் தலங்களில் எழுந்தருளினர். விடங்கர் என்பது உளியாற் செய்யப்படாதவர் எனப் பொருள்படும். எழுவரும் தனித்தனித் திருநாமமும் தனித்தனி நடனமும் உடையர். தலைமைத் தலமாகிய திருவாரூர்ப் பெருமானுக்கு வாய்த்த திருநாமம் வீதிவிடங்கர் என்பதாம்.

இத்திருநாமம் ஆராய்தற்குரியது. இப்பெருமானின் திருமேனி முழுவதும் திரையாலும் மலராலும் மறைந்து திருமுகம் மட்டுமே காணப்படும். மார்கழித் திருவாதிரையினும் பங்குனி உத்தரத்தினுமே திருப்பாதம் காட்டப்பெறும். கருவறையில் இத்துணை மறைவாக எழுந்தருளியவர்க்கு, எவரும் நடமாடும் வீதியோடு சார்த்திப் பெயர் வழங்கியது எற்றுக்கு? மறைந்து நிற்பவரே அருளால் வெளிப்பட்டு வருவர் என்பதனை உணர்த்துதற்கே என்க. அவர்க்குரிய அசபா நடனம், நாவினால் உச்சரியாது உயிர்ப்பிலே இயங்கும் மந்திரத்தின் வடிவாகும். அந்நடனத்தோடு அவர் எழுந்தருளும் அரங்கு வீதியே.

இப்பெயர் பிற்காலத்தார் புனைந்ததன்று. முதல் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் வீதிவிடங்க தேவர் என்னும் பெயர் காணப்படுகின்றது. கி.பி. 1012 முதல் 1044 வரை ஆண்ட அவ்வேந்தனின் அணுக்கியாராகிய பரவை நங்கையார், வீதிவிடங்க தேவர்க்குக் கற்றளி எடுப்பித்துப் பொன் வேய்ந்தார். அரசனும் நங்கையாரும் ஒருங்கே தேரிலமர்ந்து கோயிலுக்கு வந்த செய்தியும், இருவரும் நின்று வழிபட்ட இடத்தில் விளக்கு வைத்த செய்தியும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள. அதற்கு முன்னரே, பத்தாம் நூற்றாண்டில், இக்கோயிலகத்துள்ள அரநெறியைச் செம்பியன்மாதேவியார் கற்றளியாக்கினார். கட்டடம் இவ்வாறு கல்லாகவும் பொன்னாகவும் மாறியபோதும், பெருமான் பெயர் வீதியோடு இயைந்தே நின்றது.

வீதியில் நின்ற அறம்

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாறு கூறத் தொடங்குங்கால், முதற்கண் மலையும் நாடும் கூறி, பின் திருவாரூரைத் திருநகரச் சிறப்பு என்னும் பகுதியில் வைத்தார். நகரச் சிறப்பென்றால் மாடமாளிகைகளையும் மதில்களையும் விரித்தல் புலவர் வழக்கம். சேக்கிழாரோ அவற்றைச் சில பாட்டுக்களில் முடித்து, வீதியில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றையே அப்பகுதியின் பொருளாக்கினார். அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்கையில் இளங்கன்றொன்று உருளைக்கீழ்ப் பட்டு இறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியைக் கோட்டினால் அசைத்ததும், மனுநீதிச் சோழர் தம் ஒரு மகனையும் அவ்வீதியிலேயே தேர்க்காலில் ஊர்ந்ததும், வீதிவிடங்கப் பெருமான் அவ்வீதியிலேயே விடைமேற் காட்சி தந்ததும் ஆண்டுக் கூறப்பட்டன.

இவ்வரலாறு சேக்கிழாருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கல்லிற் பொறிக்கப்பட்டதாகும். விக்கிரம சோழனது ஐந்தாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1123-ஐ ஒட்டிய திருவாரூர்க் கல்வெட்டொன்று மனுவின் வரலாற்றை எடுத்துரைத்து, அவன் அமைச்சனை உபயகுலாமலன் எனப் பெயர் சுட்டுகின்றது. கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே உள்ள கற்றேர் இன்றும் காண்பார்க்கு அதனை நினைவூட்டுகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கன்று இறந்தது காட்டிலன்று, வயலிலன்று, நகர வீதியில். வீதியில் தேரேறிச் செல்வானுக்கு எத்துணை உரிமையோ, அதில் துள்ளித் திரியும் கன்றுக்கும் அத்துணை உரிமை உண்டு என்பதே அவ்வரசன் தீர்ப்பின் உள்ளுறை. வலியார் வீதியைத் தமக்கே உரியதாகக் கொள்ளுதல் கூடாது என்னும் இவ்வறம், திருவாரூர் வீதிக்கு அடிப்படைக் கல்லாக இடப்பட்டது.

குளக்கரையில் நட்ட தறி

வீதிக்குக் கூறிய இவ்வறம் குளத்துக்கும் ஒக்கும். தண்டியடிகள் வரலாறு அதனைக் காட்டும். பிறவியிலே கண்ணிலராகிய அவ்வடிகள், திருக்குளத்தின் பக்கமெல்லாம் சமணர் இருக்கைகள் நெருங்கி, குளம் இடங்குறைந்திருத்தலை அறிந்தார். கண்ணில்லாதவர் கரையின் குறைவை அறிந்ததும், கண்ணுடையார் அதனைக் காணாது வாளா இருந்ததும் வியத்தற்குரியன. குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டி எடுத்து வெளியே கொட்டினார். எதிர்த்தார் தறியையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பறித்தனர். பெருமான் அரசனுக்குக் கனவில் உணர்த்த, அடிகள் கண்பெற்றார். அரசன் குளக்கரையைச் சூழ்ந்த கட்டடங்களை அகற்றிக் குளத்தை விரிவாக்கினான்.

இதனைச் சமயப்பூசல் ஒன்றின் வரலாறாக மட்டும் படித்துச் செல்வார் அதன் பயனை இழப்பர். பொதுவான நீர்நிலை ஒன்றனைத் தனி இருக்கைகள் நெருக்கின. ஒருவர் தனியே நின்று மண் சுமந்தார். அதன்பின் அரசாணை பிறந்தது. நெருக்குவார் எச்சமயத்தாராயினும், சைவரேயாயினும், தண்டியடிகள் நட்ட தறி அவர்க்கும் எல்லைக்கல்லேயாகும். இந்நாளில் கமலாலயம் நடுவே நாகநாதர் கோயிலோடு பரந்து விளங்குவதும், தெப்பத் திருவிழாவிற்கு இடமாவதும், முன்னோர் அவ்வெல்லையைப் போற்றியதன் பயனாம்.

குளம் கோயிலுக்கு அணியாக மட்டும் அமைந்ததன்று. காவிரிக் கடைமடை நாட்டில் ஆற்றில் நீர் வாராத திங்கள்கள் பல. அப்போது ஊரின் கிணறுகளுக்கு ஊற்றளிப்பது பெருங்குளமே. மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் கமலாலயத்தில் எடுத்தார் என்னும் வரலாற்றை நினைப்பார், ஆற்றுக்கும் குளத்துக்கும் உள்ள உறவைச் சோழநாட்டார் எத்துணை ஆழ்ந்து உணர்ந்திருந்தனர் என்பதனையும் நினைப்பார்களாக.

அடியார் நடந்த வீதி

திருநாவுக்கரசு சுவாமிகள் திருவாரூரில் ஆதிரைத் திருநாளைக் கண்டு வணங்கித் திருப்புகலூர்க்கு மீண்டபோது, திருஞானசம்பந்த சுவாமிகள் அவ்விழாவின் பெருமையை வினவினார். அதற்கு விடையாக அப்பர் சுவாமிகள் ஒரு திருப்பதிகமே அருளினார். அதில் அவர் எடுத்துரைத்தவை வீதியிற் கண்ட காட்சிகளே: விதானங்களும், கொடிகளும், விரதிகளும், முன்னும் பின்னும் செல்லும் அடியார் கூட்டமும். ஆழித்தேர் என்னும் பெயரும் அவர் திருவாரூர்த் தேவாரத்தில் வருகின்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே இவ்வீதி விழாவுக்குரிய வீதியாய் இருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை பாடியது இக்கோயிலின் தேவாசிரிய மண்டபத்தை முன்னிட்டு. அத்தொகை அருளியவர்க்காகப் பெருமான் தாமே தூதுவராய் நள்ளிரவில் இருகால் பரவையார் மாளிகைக்கு நடந்தார். திருமாலும் அயனும் தேடிக் காணாத அடித்தாமரை நடந்தமையால் அவ்வீதி மணக்கின்றது என்னும் கருத்தைச் சேக்கிழார் திருநகரச் சிறப்பிலேயே வைத்தார். கீழவீதியில் உள்ள பரவையுண்மண்டளி சுந்தரர் பாடல் பெற்ற தனித்தலமாகும். பூங்கோயில், அரநெறி, மண்டளி என ஓரூரில் மூன்று பாடல்பெற்ற கோயில்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று வீதியிலேயே நிற்றலும் கருதத்தக்கது.

நமிநந்தியடிகள் வரலாறு வீதியின் தத்துவத்தையே விளக்குகின்றது. பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய நாளில் எல்லாக் குலத்தாரும் கலந்து உடன்சென்றனர். அடிகளும் சென்று, தம்மூராகிய ஏமப்பேறூர்க்கு மீண்டு, பலரோடும் கலந்தமையால் தூய்மை குன்றியது எனக் கருதி, நீராடிப் பின் மனையுட் புக எண்ணிப் புறத்தே துயின்றார். பெருமான் கனவிற் றோன்றி, ஆரூர்ப் பிறந்தார் எல்லாரும் நம் கணங்கள் என்று அருளினார். மறுநாள் அடிகள் திருவாரூர் எல்லையில் வந்து நோக்க, ஊரவர் அனைவரும் சிவகண வடிவாய்த் தோன்றினர். கோயிலில் நீரால் விளக்கெரித்த பெருந்தொண்டருக்கே, வீதியில் நடந்த மக்கள் யாவர் என்பது பின்னர்த்தான் காட்டப்பட்டது.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என விதிக்கும். அடியார் வேடமும் ஆலயமும் தனித்தனியே தொழத்தக்கன. அவ்விரண்டும் ஒருங்கே கூடும் இடம் எது? பெருமான் எழுந்தருளி வர, அடியார் சூழ்ந்து வரும் திருவீதியே அது. ஆதலின் வீதி கோயிலுக்குப் புறமன்று. சூத்திரத்தின் இரு பொருளும் ஒரு காட்சியாய் விளங்கும் இடமாகும்.

தருமபுர ஆதீனத்தின் மரபும் இவ்வீதியோடு தொடர்புடையது. பதினாறாம் நூற்றாண்டில், ஆதீன முதற்குரவராகிய குருஞானசம்பந்தர், திருவாரூர்க் கோயிலிலே கமலை ஞானப்பிரகாசரைக் கண்டு ஆட்பட்டார். ஒருநாள் அர்த்தயாம வழிபாடு முடிந்து, கைவிளக்கேந்தி ஆசிரியருக்கு முன்னே வீதியில் நடந்து வந்தார். மனைவாயிலை அடைந்ததும் ஆசிரியர், நிற்க என்று கூறி உட்சென்றார். மாணவர் அச்சொல்லை ஆணையாகக் கொண்டு, மழை பொழிந்த அவ்விரவு முழுதும் விளக்கோடு வாயிலிலேயே நின்றார். விடியற்காலையில் ஆசிரியரின் மனைவியார் கண்டு கூறினர் என்பது மரபு. கோயிலுக்கும் மனைக்கும் இடையே உள்ள வீதியில் நின்ற அந்நிலையே ஓர் ஆதீனத்துக்கு வித்தாயிற்று. அவ்வாதீனம் இக்கோயிலின் இராசன் கட்டளையை நடத்தி வருவதும், வேளாக்குறிச்சி ஆதீனம் அபிஷேகக் கட்டளையை நடத்துவதும் அன்பர் அறிந்தன.

வீதிமனைகளின் அமைப்பு

தேரோடும் வீதிகளின் பழைய மனைகள் காவிரிநாட்டு முறைப்படி அமைந்தவை. வீதியை நோக்கிய திண்ணை, அதன்பின் ரேழி, நடுவே வானம் நோக்கிய முற்றம், அதனைச் சூழ்ந்த கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றோடு கூடிய கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக அவை நீண்டு செல்லும். முகப்புக் குறுகி உள்ளே நீளுதலால், ஒரு வீதியில் பல மனைகள் பெருமானை நேர்நோக்கும் பேறு பெற்றன. திண்ணை வீட்டுக்காரர்க்கு மட்டும் உரியதன்று. வழிநடந்து வந்தார் இளைப்பாறுவதும், பிள்ளைகள் ஏடு படிப்பதும், திருவிழா நாளில் வெளியூர் அடியார் தங்குவதும் அங்கேயே. மனையின் ஒரு பகுதியை வீதிக்கு ஈந்தது பழைய முறை. வீதியின் ஒரு பகுதியை மனைக்கு எடுத்துக்கொள்ளுதல் அதற்கு நேர்மாறு.

தேர் வருமுன் வீதியை நோக்கி நீண்ட கீற்றுப்பந்தல்களை அவிழ்த்து வழிவிடுதலும் பழைய வழக்கம். தேவாசிரிய மண்டபத்து மேல்விதானத்தில், தஞ்சை மராட்டியர் ஆட்சித் தொடக்கத்தில் சிங்காதனம் என்னும் ஓவியர் தீட்டிய முசுகுந்தன் வரலாற்று ஓவியங்களிலும் ஊர்வலக் காட்சிகளே மிகுதி. வாத்தியக்காரரும், ஆடுவாரும், குடையும் கொடியும் ஏந்துவாரும், நோக்கி நிற்பாரும் அவற்றில் நிரம்பியுள்ளனர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடிய திருவாரூருலாவும் வீதியில் எழுந்தருளும் பெருமானைப் பொருளாகக் கொண்டது. குளத்தின் குறைவை உணர்ந்த தண்டியடிகளும் கண்ணிலர்; வீதியின் அழகைப் பாடிய இக்கவியும் கண்ணிலர். கண்ணுடையார்க்கு அவ்விருவரும் காட்டிச் சென்றவை பல.

இவ்வீதிகளில் கேட்ட இசையும் சிறிதன்று. சியாமா சாஸ்திரிகள் 1762-இலும், தியாகராச சுவாமிகள் 1767-இலும், முத்துசுவாமி தீட்சிதர் அடுத்த பத்தாண்டுக்குள்ளும் இவ்வூரிலேயே பிறந்தனர்.

தேரும் அதன் இடையூறுகளும்

திருவாரூர்த் தேர் பங்குனிப் பெருவிழாவில் ஆயிலிய நாளை ஒட்டி ஓடுதல் பழைய முறை. அப்பருவம் உழவோடும் இயைந்தது. சம்பா நெல் தையிலும் மாசியிலும் அறுவடையாகிக் களம் சேர்ந்துவிடும். ஆறு வற்றி வயல் காய்ந்திருக்கும். கையில் நெல்லும் கைக்கு ஓய்வும் உள்ள காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கூடி வடம் பிடிக்க வேண்டிய தேருக்கு இதனினும் ஏற்ற பருவம் இல்லை.

தேரை இழுத்தல் எளிது. நிறுத்தலும் திருப்பலுமே அரிய. உருளைக்கு முன்னே முட்டுக்கட்டை இட்டு அதன் போக்கை மாற்றுவோர், உயிரைப் பொருட்படுத்தாது உருளையின் பக்கத்தே ஓடி வருவர். நான்கு மூலைகளிலும் தேர் திரும்புதற்கு மிகுந்த இடம் வேண்டும். மூலையில் ஒரு முழம் குறையினும் தேர் நின்றுவிடும். ஆகவே வீதியின் அகலம் நகரமைப்போர் வகுத்த விதியாலன்றி, உருளையின் திருப்பத்தால் ஏற்பட்டது.

விழாவின் உறுப்புக்களை ஐந்தொழிலோடு பொருத்திக் கூறும் ஆன்றோர், தேரைச் சங்காரத்துக்கு உரியதென்பர். சங்காரமாவது பிறந்திறந்து இளைத்த உயிர்களின் இளைப்பை ஒழித்தல் என்பது சித்தாந்தம். இளைப்பொழிக்க வரும் தேரை இழுப்பதற்கு ஒருவரை வற்புறுத்தி இளைக்கச் செய்தல் தகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் தஞ்சைச் சீமையில், பெருந்தேர்களுக்கு ஊர்தோறும் ஆட்களை அனுப்புமாறு அதிகாரிகள் ஆணையிடும் வழக்கம் இருந்தது. அன்பினால் செய்ய வேண்டியதை அச்சத்தினால் செய்வித்தது குற்றமே. பின்னர் அவ்வழக்கம் ஒழிந்தது நன்று. அவ்வாறே, வடத்தைத் தொடவும் வீதியில் நிற்கவும் சிலர்க்கு இடம் மறுக்கப்பட்ட காலமும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லா இந்துக்களுக்கும் கோயில்கள் திறக்கப்பட்டன. நமிநந்தியடிகளுக்குப் பெருமான் கனவில் உணர்த்தியதை ஊர் உணர்ந்துகொள்ள எத்துணை நூற்றாண்டு கழிந்தது!

1927-இல் ஆழித்தேர் தீக்கு இரையாயிற்று. அன்பர் முயற்சியால் புதிய தேர் அமைந்து 1930-இல் ஓடியது. 1948-க்குப் பின் அது ஓட்டமின்றி நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு உருளையும் நீரழுத்தத் தடையும் அமைத்துக் கொடுத்தனர். பின்னர் இடையிடையே நின்றும், புதுப்பிக்கப் பெற்றும், 2015-இல் திருக்குடமுழுக்கை ஒட்டிச் செப்பனிடப்பெற்று மீண்டும் ஓடலாயிற்று. ஆற்றலிற் சிறந்த பொறிகள் வந்தன, உருளை இரும்பாயிற்று. ஆயினும் வடம் பிடிக்கும் கையும், அது செல்லும் வீதியும் மாறுதற்கில்லை.

வீதிகாத்தல்

தேர் நின்ற ஆண்டுகளில் வீதிக்கு உண்டாகும் இடரை எண்ணுதல் வேண்டும். ஆண்டுதோறும் தேர் வருமாயின், அதற்கு இடையூறாவன அனைத்தும் ஆண்டுதோறும் விலக்கப்படும். தேர் நிற்குமாயின் வீதிக்கு அளவு கூறுவார் இல்லை. முதலில் ஒரு படி, பின் ஒரு தாழ்வாரம், பின் ஒரு சுவர் என வீதி சுருங்கும். மீண்டும் தேர் ஓட வேண்டுங்கால், ஓடுதற்கு வீதி இல்லை என்பர். தேர் நின்றதால் வீதி சுருங்கியதோ, வீதி சுருங்கியதால் தேர் நின்றதோ என அறிய இயலாத நிலை அப்போது உண்டாகும். சோழநாட்டில் தேர் மட்டும் கொட்டகையிற் கிடக்க, ஓட்டமின்றி நிற்கும் கோயில்கள் உண்டு.

சுருங்குதல் பக்கத்தில் மட்டும் நிகழ்வதன்று. சாலைமேற் சாலை இடுவதால் வீதியின் மட்டம் உயர்கின்றது. திண்ணைகள் தாழ்கின்றன, மழைநீர் மனையுட் புகுகின்றது, மேலே செல்லும் மின்கம்பிக்கும் தேர்முடிக்கும் உள்ள இடைவெளி குறைகின்றது. தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் சுவாமிகள் சதய விழாவில், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் விடியற்காலையில் தேர் உயர்மின்கம்பியில் உரசிப் பதினொருவர் உயிர் துறந்த துயரத்தை எவரும் மறத்தற்கில்லை. மனுவேந்தன் நாட்டில் ஒரு கன்றின் உயிருக்கு அரசன் விடை கூறினான். இந்நாளில் வீதியில் நீங்கும் உயிருக்கு விடை கூறுதல், வீதியை ஆள்வார்க்கும், அதனருகே வாழ்வார்க்கும், விழா எடுப்பார்க்கும் ஒக்கும் கடன்.

வாணிகம் வேண்டா என்பது இதன் கருத்தன்று. விழாவுள்ள ஊரிலே கடையும் இருக்கும். பூவும் பழமும் பாத்திரமும் விற்பார் இன்றித் திருவிழா இல்லை. கடையும் மனையும் வீதியின் இருமருங்கும் விளங்குக. ஆயின் வீதிக்கு உடையவர் வேறொருவர் உளர் என்பதும், அவர் ஆண்டுக்கு ஒருகால் தம் உடைமையைப் பார்வையிட எழுந்தருளி வருகின்றார் என்பதும் மறக்கப்படாதிருத்தல் வேண்டும். திருக்கோயில் மதிலைப் பழுதுபார்க்கப் பொருள் ஈவார் பலர். வாயிற்படியை ஒரு முழம் உள்ளே வாங்கிக்கொள்வாரே அரியர். முன்னையது திருப்பணியாயின், பின்னையதும் திருப்பணியே. தண்டியடிகள் செய்த திருப்பணி கட்டியதன்று, வெட்டி இடங்கொடுத்ததேயாகும்.

வீதிவிடங்கர் என்னும் திருநாமத்தை நாடோறும் ஓதுவார், அந்நாமத்தின் முற்பகுதியாகிய வீதியைக் குறைத்துவிட்டுப் பிற்பகுதியை மட்டும் வழிபட இயலாது. வீதி அகன்றிருக்கத் தேர் ஓடும். தேர் ஓட அடியார் கூடுவர். அடியார் கூட, ஆரூர்ப் பிறந்தார் அனைவரும் சிவகணங்களாய்த் தோன்றும் காட்சி இன்றும் கிட்டும்.

திருச்சிற்றம்பலம்.